முந்தைய பத்து நிமிடம்

போன மாதம் புனேயின் ஹிஞ்சேவாடியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு சினிமாக் குழு நடத்துகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தங்கள் குடியிருப்பின் கூடத்தில் திரை கட்டிப் படம் போடுவார்கள். அந்த மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது பழைய அமெரிக்கக் கார் துரத்தல் படங்கள். என் மகளின் தோழி ஒருத்தி அந்தக் குழுவில் இருக்கிறாள். "ஃப்ரெண்டோட அப்பா ரிட்டயர்ட் டெஸ்ட் டிரைவர்" என்று அவள் எடுத்துவிட, படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பேச என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் நன்றாகத்தான் பேசினேன். பேசக் கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை நான். நாசிக் சாலையில் ஒரு சிறுபாலத்தின் மேல் வண்டியைப் பறக்கவிட்ட கதையைச் சொன்னேன். நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியதைக் கையால் காட்டினேன். பிள்ளைகள் விசிலடித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "அங்கிள், அப்றம் அந்த வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. அந்தக் காலத்து இரும்பு" என்றேன்.

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பொன்னாடையைப் பீரோவில் வைக்க மனம் வரவில்லை. எங்கள் நிக்டி காலனித் தமிழர்கள் ஆண்டு மலர் கொண்டுவருகிறார்கள். "அந்தப் பாலம் தாண்டுன கதையை எழுதிக் கொடுங்க" என்று அதன் ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி, எழுதுகிறேன். ஆனால் வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்து, லாரி ஓட்டி, பட்டாளத்தில் இருந்த சித்தப்பா சொல்லிப் புனே வந்து, ஒரு வாகனத் தொழிற்சாலையில் டிரைவராக ஒட்டிக்கொண்டேன். மூன்று வருடம் தயாரான வண்டிகளைக் கிடங்குக்கு ஓட்டினேன். பிறகு சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பழனிசாமி என்ற என் பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. மராட்டியர்களுக்கு நம்மவர்கள் எல்லோருமே 'அண்ணா'தான். நானும் அண்ணா ஆனேன்.

டெஸ்ட் டிரைவர் என்றதும் எல்லோரும் வேகத்தை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வேலை நேர்மாறானது. புதிதாக வடிவமைத்த வண்டியை நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தச் சாலையில் எந்த கியர், எத்தனை வேகம், எங்கே பிரேக் பிடிப்பது என்று எல்லாம் அட்டையில் எழுதியிருக்கும். ஐம்பது என்றால் ஐம்பதுதான். ஐம்பத்தைந்தில் போனாலும் தப்பு, நாற்பத்தைந்தில் போனாலும் தப்பு. பயணிகளுக்குப் பதிலாக இருக்கைகளில் மணல் மூட்டைகளைக் கட்டி வைத்திருப்போம். ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ கணக்கில் ஒன்பது மணல் மூட்டைகள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, வருடக்கணக்காக வாயைத் திறக்காமல் என்னோடு நாசிக் சாலையில் போய்ப் போய் வந்தன. பேச்சுத் துணைக்குக்கூட ஆகாத ஜென்மங்கள்.

எங்கள் பிரிவின் தலைவர் சப்னிஸ் சாஹேப். ஒல்லியான மனிதர், சட்டையில் எண்ணெய்க் கறை படிந்து நான் பார்த்ததில்லை. வண்டி உள்ளே வந்து நின்றதும், அவர் முதலில் டிரைவர் முகத்தைப் பார்க்க மாட்டார். நாலு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார். மூட்டைகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை போடச் சொல்வார். காலையில் ஏற்றிய எடையும் மாலையில் இறக்கிய எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அன்றைய ஓட்டத்தை எழுதும் லாக் ஷீட்.

அந்த லாக் ஷீட்டில் பதினோரு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'முந்தைய பத்து நிமிடம்'. வண்டியில் ஏதாவது உடைந்தாலோ புதிதாகச் சத்தம் கேட்டாலோ, அதற்கு முன்பான பத்து நிமிடத்தில் நாம் என்ன செய்தோம் என்று அதில் எழுத வேண்டும். சாஹேப் கண்டுபிடித்த கட்டம் அது. இரும்பு தானாக உடையாது, யாரோ ஏதோ செய்ததால்தான் உடையும் என்பார்.

எழுதியதை அவரே படிக்க மாட்டார். எதிரில் நின்றபடி "வாச்சா" என்பார். மராத்தியில் 'படியுங்கள்' என்று பொருள். நாம் எழுதியதை நாமே சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடுவார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகுதான் புரிந்தது. கையால் பொய் எழுதுவது எளிது. அதையே வாயால், ஒருவர் முன்னால் நின்று, வரிவரியாகப் படிப்பது கஷ்டம். கஷ்டம் என்றுதான் சொல்கிறேன், முடியாது என்று சொல்லவில்லை.

இனி படங்களுக்கு வருகிறேன்.

அப்போதெல்லாம் கேம்ப் பகுதித் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் பழைய ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். நிக்டியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். வாரம் ஆறு நாள் வண்டி ஓட்டுகிறவன், ஏழாம் நாள் காசு கொடுத்து வேறொருவன் வண்டி ஓட்டுவதைப் பார்க்கப் போகிறானே என்று என் மனைவி சரோஜாவுக்கு ஆச்சரியம். ஒரு தடவை அவளையும் அழைத்துப் போனேன். பாதிப் படத்தில் என் காதருகே குனிந்து, "ஏனுங்க, அந்தாளு எங்கதானுங்க போறான்?" என்று கேட்டாள்.

"எங்கயும் இல்ல. சும்மா போறான்."

"வூட்ல ஆரும் தேட மாட்டாங்களாக்கும்?"

அதுதான் விஷயம். தேட யாரும் இல்லை. அந்தப் படங்களின் நாயகன் அதிகம் பேச மாட்டான். பாட்டு இல்லை, அம்மா இல்லை, மேலதிகாரி இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் சாலை. ஓரத்தில் ஒற்றைப் பெட்ரோல் பங்க். பின்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போலீஸ் கார்கள். அவன் கியர் மாற்றும்போது தியேட்டர் நாற்காலியில் என் இடது கால் தானாக அழுந்தும். இசையே இல்லாமல் பத்து நிமிடம் எஞ்சின் சத்தம் மட்டும் ஓடும். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த கியரில் போகிறான் என்று சொல்லிவிடுவேன். முன்காட்சியில் நசுங்கிய கதவு அடுத்த காட்சியில் நேராக இருப்பதும் என் கண்ணில் படும். நாலைந்து வண்டி வைத்து எடுத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது ஒன்று.

ஐம்பதில் போ என்று எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்தே வயதைக் கழிக்கிறவனுக்கு, அட்டையே இல்லாத ஒருவனைப் பார்ப்பது எப்படி இருக்கும்! நான் அவனாகவே ஆகிவிடுவேன். அவன் மேட்டில் ஏறிப் பறப்பான். ஒரு பண்ணையின் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், மறுபக்க வேலியையும் உடைத்துக்கொண்டு வெளியே வருவான். தியேட்டரே ஆரவாரிக்கும். அந்த வேலி யாருடையது, அதைத் திரும்பக் கட்ட எத்தனை நாள் ஆயிற்று என்று கேமரா நின்று பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. முதல்நாள் காலைதான் அப்படி ஒரு படம் பார்த்திருந்தேன். டிரைவரைத் தவிரப் பத்துப் பேர் உட்காரும் புதிய பயணிகள் வண்டி அப்போது சோதனையில் இருந்தது. முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தது. பெரிய குறை எதுவும் இல்லை. எப்போதும் கூட வந்து வேகத்தைக் குறித்துக்கொள்ளும் குறிப்பாளர் அன்று விடுப்பு. தனியாகப் போகக் கூடாது என்பது விதி. அட்டவணை பிந்திவிடும் என்று நானே வாதாடி, அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

சாக்கண் தாண்டி, நாசிக் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலை. அதில் ஓடையின் மேல் ஒரு சிறுபாலம், மாட்டின் முதுகுபோல நடுவில் எழும்பியிருக்கும். முப்பதில் கடக்க வேண்டும் என்று அட்டை சொல்கிறது. முந்நூறு தடவையாவது முப்பதில் கடந்திருப்பேன். அன்று காலை பதினோரு மணி, வெயில், இரண்டு பக்கமும் நிலக்கடலை வயல். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. காலை அழுத்தினேன். ஐம்பது, அறுபது, எழுபது. எழுபத்தைந்தைத் தாண்டும்போது பாலம் வந்தது.

பறந்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு நொடி என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த நொடிகளில் ஒன்று. ஸ்டியரிங் கையில் எடையில்லாமல் இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பிறகு விழுந்தேன். பின்னால் டம்மென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து இரும்பு இரும்பில் உரசும் சத்தம். நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். பின்பக்க ஷாக் அப்சார்பரைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் பிராக்கெட், கையகல இரும்புத் தகடு, பற்றவைத்த இடத்தில் பிய்ந்து தொங்கியது. உள்ளே ஒரு மணல் மூட்டை வாய் பிளந்து, தரையெல்லாம் மணல்.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாக எழுதவே கை கூசுகிறது. பக்கத்து ஊர் தானியக் கடையில் கோணி ஊசியும் சணலும் வாங்கினேன். மணலைக் கையால் அள்ளி மூட்டையில் போட்டுத் தைத்தேன். சாலையோர மரத்தடியில் உட்கார்ந்து லாக் ஷீட்டை எழுதினேன். 'நேரான சாலை. மூன்றாவது கியர். வேகம் ஐம்பது. பின்புறம் சத்தம் கேட்டு நிறுத்தினேன். பிராக்கெட் வெல்டிங் விட்டிருந்தது.' முந்தைய பத்து நிமிடம் என்ற கட்டத்தில், 'வழக்கமான ஓட்டம்' என்று எழுதினேன்.

வண்டியை மெல்ல ஓட்டித் திரும்பிக் கொண்டுவந்து நிறுத்தியதும் சாஹேப் சக்கரத்தின் சூடு பார்த்தார். பிய்ந்த இடத்தை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். நாளாக நாளாக விரிசல் விட்டு உடைகிற இரும்பில் பழைய கறை இருக்கும். ஒரே அடியில் பிய்ந்த இரும்பு சர்க்கரை போலப் பளபளக்கும். எனக்கே தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியாதா? மூட்டைகளை எடை போட்டார்கள். ஒன்றில் மூன்று கிலோ குறைந்தது. புதுச் சணலை விரலால் தடவிப் பார்த்தார்.

"மணல் எங்கே?"

"மூட்டை பழசு, சாஹேப். கிழிஞ்சிருந்தது. தைச்சேன்."

"வாச்சா" என்றார். படித்தேன். வழக்கம்போல அவர் பேனாவைத் திறக்கவில்லை. மறுபடி "வாச்சா" என்றார். படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார். அந்தத் தடவை கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கேட்பது படிக்க அல்ல, மாற்றிப் படிக்க என்று எனக்குத் தெரிந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, இத்தனை வயதில் சினிமா பார்த்துக் கெட்டவன் என்று சிரிப்பார்களே என்று பயந்தேன். 'வழக்கமான ஓட்டம்' என்று மூன்றாவது முறையும் படித்தேன்.

பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் 'டிரைவர் சொன்னபடி' என்று சின்னதாக எழுதினார்.

அந்த பிராக்கெட்டைச் செய்தவர் போசரியில் ஒரு சின்ன ஷெட் வைத்திருந்த ஷேவாளே. மற்ற பட்டறைகளுக்குக் கூலிக்குச் செய்துகொடுத்துக்கொண்டிருந்தவர், முதல் முறையாகத் தன் சொந்தப் பெயரில் எங்கள் கம்பெனிக்குச் செய்துகொடுத்த பொருள் அது. சோதனை முடிந்தால் ஆர்டர் உறுதி. அதை நம்பிப் பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தார்.

எங்கள் வழக்கப்படி, ஒரு பாகம் உடைந்தால் செய்தவரைக் கூப்பிட்டு, உடைந்ததை மேசையில் வைத்து, ஓட்டியவர் முன்னிலையில் காட்டுவார்கள். ஷேவாளே புதன்கிழமை வந்தார். மராத்தியில் அண்ணன் என்ற பொருளில் நாங்கள் அவரைத் 'தாதா' என்போம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். உடைந்த துண்டைத் தூக்கிக் கட்டைவிரலால் வெல்டிங்கை நெருடினார். இந்தி கலந்த மராத்தியில் என்னைக் கேட்டார்.

"அண்ணா, குத்தம் சொல்லக் கேக்கல. வண்டி எங்கயாவது பள்ளத்துல விழுந்துச்சா? தூக்கிப் போட்டுச்சா?"

சாஹேப் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். லேபுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல ஷேவாளேவுக்கு உரிமை உண்டு. அனுப்பியிருந்தால் நான் அன்றே அகப்பட்டிருப்பேன். நான் தலையை ஆட்டினேன்.

"இல்ல தாதா. சும்மா நேர் ரோடு."

"அப்படின்னா என் தப்புதான்" என்றார் ஷேவாளே. "லேப் எல்லாம் வேண்டாம், சாஹேப். அண்ணா பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது?"

ஆர்டர் வேறொரு பெரிய கம்பெனிக்குப் போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதற்குப் பிறகு நான் சிறுபாலத்தை முப்பதுக்குக் குறைவாகவே கடந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் படங்களுக்குப் போவதை நிறுத்தினேன். சப்னிஸ் சாஹேப் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான். அவர் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம், மற்ற டிரைவர்களிடம் "வாச்சா" என்றார். என் ஷீட்டை மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இனி இவன் படிப்பதைக் கேட்டு என்ன பயன் என்று முடிவு செய்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இப்போது இல்லை.

ஹிஞ்சேவாடிக் கைதட்டலுக்கு மறுவாரம் போசரி போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். விசாரித்துக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஷேவாளே இப்போது ஆபீஸ்களுக்கு இரும்பு அலமாரி செய்கிறார். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா! எத்தன வருஷம்!"

டீ வந்தது. எங்கே தொடங்குவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். ஷேவாளே அந்தப் பக்கம் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த பிராக்கெட்ட நான் கூலிக்காரங்க கையில கொடுக்கல, அண்ணா. சொந்தப் பேருல போற பொருளாச்சேன்னு எல்லாத்தையும் நானே வெல்டிங் வச்சேன். இருபது வருஷமா வெல்டிங் வச்ச கை. அதுலயே தப்பு வந்துடுச்சின்னா? அன்னைக்கு ஷெட்டுக்கு வந்து வெல்டிங் ராடைக் கீழ வச்சவன்தான். இன்னிவரைக்கும் தொடல. கை மேல நம்பிக்கை போயிடுச்சு."

வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"வருத்தம் இல்ல, அண்ணா. நீங்க அன்னைக்கே கண்டுபிடிச்சீங்க. ஜனங்க ஏறுன பிறகு உடைஞ்சிருந்தா என் கதி என்ன? என் வீட்டுக்காரிகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், அந்த மதராஸி அண்ணா நமக்குப் புண்ணியம் செஞ்சாருன்னு."

நான் டீயைக் குடித்தேன். இன்னொரு டீ வரவழைத்தார், அதையும் குடித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பஸ் ஏறி நிக்டி வந்து சேர்ந்தேன். சரோஜாவிடம் அன்றுதான் முதல் முறையாக முழுதும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த மனுசன் கைய முடக்கிப் போட்டுட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆண்டு மலர் ஆசிரியர் கேட்டபடி நடந்தது அத்தனையும் எழுதிவிட்டேன். படித்தவர்கள் என் துணிச்சலைப் பாராட்டக்கூடும். தயவுசெய்து வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். மராத்தி பேசவும் எழுதவும் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இதை நான் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். ஷேவாளேவுக்குத் தமிழ் தெரியாது.